படம் மேபலுடையது, வரி நம்முடையது

மேபல் இறந்துபோன செய்தி வந்தபோது நான் ஆக்லாந்தில் த்ரீ கிங்ஸ் மருந்துக்கடையில், ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் படம் வேண்டும். பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கேமராவைக் கண்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. கடைப் பெண் மூன்று தடவை எடுத்தாள். மூன்று தடவையும் "ப்ளீஸ் சார், நோ ஸ்மைல்" என்றாள். நான்காவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், கண்ணை மூடிவிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் தன் இருமலை மறந்து என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது போன் அடித்தது. எங்கள் ரோஸ்கில் தெருமுனையில் டெய்ரி, அதாவது நம்மூர்ப் பெட்டிக்கடை மாதிரி ஒன்று, வைத்திருக்கும் செல்வராணி அக்கா.

"தம்பி, எங்கை நிக்கிறீங்கள்?"

"மருந்துக்கடையிலக்கா. போட்டோ எடுக்கிறாங்க."

"மேபல் போயிட்டா, தம்பி. விடியக்காலமை, நித்திரையிலயே. இப்பதான் அவவைப் பாக்க வாற அந்த நர்ஸ் பிள்ளை சொல்லிப்போட்டுப் போறா."

போனைப் பையில் போட்டேன். கடைப் பெண் காத்துக்கொண்டிருந்ததால் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் ஒரே ஒரு தடவை அழுத்தினாள். "பெர்ஃபெக்ட்" என்றாள்.

ஆக, அந்தச் செய்தியைக் கேட்ட முகம்தான் இன்னும் பத்து வருடத்துக்கு என் பாஸ்போர்ட்டில் இருக்கப்போகிறது. ஏதோ ஒரு விமான நிலையத்தில் ஏதோ ஒரு அதிகாரி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். மேபல் இருந்திருந்தால் வேறொன்று கேட்டிருப்பார்: "படம் சரி. அதுக்குக் கீழே இவன் என்ன எழுதினான்?"

நம் சங்க மலருக்கு மேபலைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். பாலிடெக்னிக்கில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு, அங்கிருந்த இயந்திரங்களின் நன்மைக்காக வெளியே வந்தவன் நான். சங்கத்தில் டாக்டர்கள் இருக்கிறார்கள், ஐ.டி.க்காரர்கள் இருக்கிறார்கள், என்னை எதற்கு என்றேன். "உங்க கையெழுத்து நல்லா இருக்கும்ல" என்றார் செயலாளர். கையெழுத்தைப் பார்த்து ஒருவனை எழுத்தாளன் ஆக்குவது நம் சங்கத்தால் மட்டுமே முடியும். அந்தக் கையெழுத்துதான் முன்பு ஒருமுறை என்னைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு வருகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேபல் பேசியது அமெரிக்க ஆங்கிலம். என் காதில் அது கோவில்பட்டித் தமிழாகத்தான் விழும். அவர் சொன்னதாக நான் இங்கே எழுதுவதில் அழகு இருந்தால் அது அவருடையது. பிசகு இருந்தால் என் காதுடையது.

உங்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் எடுத்த படம் மாட்டியிருக்கிறது. மீதிப் பேர் அவர் கேமராவோடு வருவதைப் பார்த்து வீட்டுக்குள் ஓடியவர்கள். பதினொரு வருடத்துக்கு முன்னால் "பக்கத்து வீட்டுக்கு மேபல்னு ஒரு அம்மா குடிவந்திருக்காங்க" என்று என் மனைவி வசந்தி சொன்னபோது, நாசரேத் பக்கத்து ஓய்வுபெற்ற டீச்சராக இருக்கும் என்று நான் முடிவுகட்டினேன். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேபல் டீச்சராவது உண்டு. தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால், ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா. நான் தமிழிலேயே "வணக்கம் டீச்சர்" என்றேன். அவர் முறுக்கை வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முதல் வேலையாக அதைப் படம் எடுத்தார்.

நாற்பது வருடம் தன் நாட்டில் படம் எடுத்தவர். பழத்தை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைப் பெண்கள், பஸ் கழுவுகிறவர்கள், ஓட்டுப் போட மழையில் வரிசையில் நின்ற கறுப்பின மக்கள், சுரங்கம் மூடிய பிறகும் ஊரை விட்டுப் போகாதவர்கள். ஆக்லாந்துக்கு ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகத்தான் வந்தார். "உங்க தெருவை எடுத்து முடிச்சிட்டுப் போலாம்னு பார்த்தேன், அது முடியவே மாட்டேங்குது" என்பார். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள்தான். ஆனால் ஒரு வீட்டில் குடும்பம் மாறும், ஒரு அரசாங்க வீட்டை இடித்து நான்கு வீடு கட்டுவார்கள், சர்ச்சுக்கு எதிரே மசூதிக்குப் போகிறவர்களின் கார்கள் நிற்கும், ஒரு குழந்தை பிறக்கும். அவருக்கு அது முடியாத தெருவாகவே இருந்தது.

நம் ஆட்களைப் படம் எடுப்பது லேசில்லை என்று அவர் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். வசந்தியை எடுக்க வேண்டும் என்று கேட்டதும் அவள் உள்ளே போய்ப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, இருந்த நகையெல்லாம் போட்டுக்கொண்டு, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் சிப்பாய் மாதிரி நின்றாள். மேபல் மறுக்கவில்லை. அழகாக எடுத்தார். பிறகு டீ குடித்தார். பேசினார். போகவே இல்லை. கடைசியில் வசந்தி, "இந்தம்மா கிளம்பற மாதிரி தெரியல, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று நர்ஸ் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்று ஷூ மாட்டினாள். அப்போது ஒன்று எடுத்தார். இரண்டு படத்தையும் அச்சுப்போட்டுக் கொண்டுவந்தார். "இது உங்க அம்மாவுக்கு அனுப்ப" என்று பட்டுச்சேலைப் படத்தைக் கொடுத்தார். "இது எனக்கு" என்று ஷூ படத்தைக் காட்டினார். வசந்தி இரண்டாவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இவ்வளவு ஒசரமாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

அவருக்குக் கார் ஓட்டப் பிடிக்காது. வெஸ்ட்கேட் பக்கம் புதிதாகக் கட்டுகிற வீடுகளை எடுக்க வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் போகும் வழியில் கேட்டுவிட்டேன்.

"ஆளே வராத வீட்டைப் போய் எடுக்கிறீங்க. இதனால என்ன ஆகப்போகுது?"

அவர் சிரித்தார். அவருக்கும் முந்தைய தலைமுறைப் படக்காரர்களைப் பற்றிச் சொன்னார். ஆணும் பெண்ணுமாக, பெட்டி மாதிரிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, பஞ்சாலையில் வேலை செய்த பிள்ளைகளையும், மண் காய்ந்துபோய்ச் சாமான்களைக் காரில் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்ட விவசாயிகளையும் தேடிப் போனவர்கள். அந்தப் படங்கள் பெரிய பெரிய ஆட்களின் மேஜைக்குப் போனதாம்.

"உடனே சட்டம் போட்டாங்களா?" என்றேன்.

"படம் சட்டம் போடாது, கேன். சட்டம் போடுறவன் இனிமே எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. அவ்வளவுதான் படத்தால முடியும்."

கணேசன் என்ற பெயரை அவர் 'கேன்' ஆக்கியிருந்தார். தண்ணீர் கேன் ஞாபகம் வரும். பொறுத்துக்கொண்டேன்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்று எனக்கு அடுத்த குளிர்காலத்தில் தெரிந்தது. காலை ஷிப்டுக்குப் போகிற நர்சுகளும் கிளீனர்களும் பஸ் ஏறுகிற நிறுத்தத்தில் அப்போது கூரை கிடையாது. மழையில் அவர்கள் நிற்பதை ஐந்து நாள் எடுத்தார் மேபல். வசந்தி, செல்வராணி அக்காவின் தங்கை, சாமோவாக்காரப் பெண்கள் மூன்று பேர். அந்தப் படத்துக்குக் கீழே வசந்தி தமிழில் "தினமும் நனைந்துதான் உயிர் காக்கப் போகிறோம்" என்று எழுதினாள். மற்றவர்கள் அவரவர் மொழியில் எழுதினார்கள். ஊர்க்கூட்டம் நடந்த ஹாலில் அதைப் பெரிதாக்கி மாட்டினார் மேபல். சில மாதத்தில் கூரை வந்துவிட்டது. படத்தால்தான் வந்தது என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. வசந்தி மட்டும் அந்தக் கூரையை இன்றுவரை "என் கூரை" என்கிறாள். மழை பெய்தால் அங்கே நிற்கிற எல்லோருக்கும் இடம் கொடுப்பது தான்தான் என்கிற பெருமிதத்தோடு நிற்பாள்.

படத்துக்குக் கீழே எழுதுவதுதான் மேபலின் சட்டம். உங்களுக்குத் தெரியும். படத்தில் இருப்பவர்தான் தன் கையால், தன் மொழியில் எழுத வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கமாட்டார். யாரையும் வைத்து மொழிபெயர்க்கவும் மாட்டார். "படம் என்னோடது, வரி உங்களோடது" என்பார். அதற்கென்றே ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம் விட்டு அச்சுப்போடுவார்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை அவர் வீட்டுச் சமையலறையில் சொன்னார். இளம் வயதில், தன் ஊரில், வீட்டுப் படியில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார். பத்திரிகை அதைப் பெரிதாகப் போட்டு, கீழே 'வறுமையில் ஒரு தாய்' என்று தானாக எழுதிக்கொண்டது. மேபலுக்குப் பேர் கிடைத்தது. சில வருடம் கழித்து அந்தப் பெண்ணை ஒரு கடையில் பார்த்திருக்கிறார். அவள் சண்டை போடவில்லையாம். ஒன்றே ஒன்று சொன்னாளாம்: "அன்னைக்கு நான் ஏழையா இல்லை. களைப்பா இருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அதைச் சொல்லிவிட்டுத்தான் மேபல் என் படத்தை என் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினார்.

இங்கே என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். வசந்தியின் நர்ஸ் விசாவில் ஒட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவன் நான். த்ரீ கிங்ஸ் ஷாப்பிங் சென்டரின் கார் நிறுத்துமிடத்தில் டிராலி தள்ளுகிற வேலை. மஞ்சள் மேல்சட்டை, இடுப்பில் ஒரு கயிறு, மழைக்கு ஒரு தொப்பி. ஊரில் என் மாமனாரிடம் "சூப்பர் மார்க்கெட்டில் மேனேஜர் மாதிரி" என்று சொல்லியிருந்தேன். அந்த 'மாதிரி'யை மட்டும் விட்டுவிட்டு அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மேபல் எடுத்தது இதைத்தான். சாரல் மழை. சரிவில் நான் ஒரு நீண்ட டிராலி வரிசையை வளைத்துத் தள்ளுகிறேன். வரிசை பாம்பு மாதிரித் திரும்புகிறது. நான் கடைசியில், உடம்பு முழுக்கச் சாய்ந்து, வாயைத் திறந்து, நரம்பு புடைத்து. நல்ல படம். அதுதான் பயமாக இருந்தது. நல்ல படம் ஊர் சுற்றும்.

என் மூளை அப்போது ஒரு வேலை செய்தது. இது வாட்ஸ்அப்பில் கோவில்பட்டிக்குப் போனால் மாமனாரிடம் காட்ட ஒரு சாட்சி வேண்டும். சாட்சி படத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. பேனாவை வாங்கி, அழகாக, நிறுத்தி எழுதினேன்: இது நான் இல்லை.

மேபல் மை காயும்வரை ஊதினார். "நன்றி, கேன்" என்றார்.

சர்ச் ஹாலில் கண்காட்சி. நம் ஆட்கள் என் படத்துக்கு முன்னால் கூட்டமாக நின்று தோளில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். கோயில் அறிவிப்புப் பலகை, சங்கத்துப் பலகை எல்லாவற்றையும் எழுதுகிறவன் நான்தான் என்பதை அந்தப் பேனா வாங்கிய நிமிடத்தில் மறந்திருந்தேன்.

"தம்பி, இது நீங்கள் இல்லையெண்டால், போன கிழமை 'செருப்பை இங்கே விடவும்' எண்டு கோயில் போர்டிலை எழுதினது ஆர்?" என்று செல்வராணி அக்கா ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

வசந்தி சிரிக்கவில்லை. என் காதருகே வந்து, "எழுதறதுதான் எழுதுனீங்க, கையெழுத்தையாவது மாத்தியிருக்கக் கூடாதா?" என்றாள்.

மேபல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான். என்னிடம் வந்து, "உன் வரி முன்னாலதான் கூட்டம். நல்ல வரி போல" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். ஊர் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. அந்தக் கை அழுத்தியது வலித்தது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் அந்த விஷயம் தூங்கியது. அப்போது கைக்குழந்தையாக இருந்த என் மகள் தாரிணிக்கு எட்டு வயது ஆனது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். படிக்கிறாளே ஒழிய, பேசமாட்டாள். நாம் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். உங்கள் வீட்டிலும் அதே கதைதான். பள்ளி ஆண்டு விழாவுக்கு மேபலைக் கூப்பிட்டு, அவர் படங்களை ஹால் சுவரில் மாட்டியிருந்தார்கள். நானும் தாரிணியும் மேபலும் என் படத்துக்கு முன்னால் நின்றோம். மேபல் கையில் டீ.

தாரிணி விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். "இ... து. நா... ன். இல்... லை."

அவள் ஆசிரியை பின்னாலிருந்து கைதட்டினார். "அருமை! ஒரு பிழைகூட இல்லை!"

தாரிணி மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். "திஸ் இஸ் நாட் மீ." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பட் அப்பா, தட் இஸ் யூ."

ஏழு வருடம் காத்த சட்டம் அப்படி உடைந்தது. மேபல் டீயைக் கீழே வைத்தார். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைப் பெண் மாதிரி, அதிகாரி மாதிரி. பிறகு சொன்னார்: "அப்போ இத்தனை வருஷமா நான் யாரை மாட்டி வெச்சிருக்கேன்?"

அன்றிலிருந்து நான் கேன் இல்லை. 'மிஸ்டர் நாட் மீ'. டெய்ரி வாசலில் நின்று அப்படிக் கூப்பிடுவார். எனக்கு அதுவே பழகிவிட்டது. அது அங்கேயே முடிந்திருந்தால் இன்று இது வெறும் நகைச்சுவைக் கதையாகப் போயிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து, தமிழ்ப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு அம்மா தாரிணியைக் கேட்டார். "உங்கப்பா என்ன வேலை பார்க்கிறாங்க பாப்பா?"

தாரிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே தமிழில் பதில் சொன்னாள். "மேனேஜர் மாதிரி."

நான் ஊருக்குப் போனில் பேசும்போது அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்த இடைவெளி, அந்த இழுவை, எல்லாம் என்னுடையது. பிறந்ததிலிருந்து என்னிடமிருந்து ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடக் கேட்டு வாங்காத பிள்ளை, என் வெட்கத்தை மட்டும் பிழையில்லாமல் வாங்கிக்கொண்டாள். அதற்கும் யாராவது கைதட்டியிருக்கலாம்.

அன்று மாலையே மேபல் வீட்டுக்குப் போனேன். "அந்த வரியை அழிக்கணும்" என்றேன்.

"அழிக்கிறதுக்கு என்கிட்ட ரப்பர் கிடையாது."

"அப்போ வேற பிரதி போடுங்க. புதுசா எழுதித் தர்றேன்."

"அன்னைக்கு நீ எழுதினது அன்னைக்கு உண்மை. அதை நான் எடுக்கமாட்டேன்." பெட்டியிலிருந்து அந்தப் படத்தையே எடுத்து, நான் எழுதிய வரிக்குக் கீழே விரலை வைத்தார். "இங்கே பாரு, எவ்வளவு இடம் கிடக்கு. ஆள் மாறுவான், படம் மாறாது. அதுக்குத்தான் இவ்வளவு விட்டிருக்கேன்."

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். சாப்பாட்டு மேஜையில் வைத்து, தாரிணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதினேன். கோயில் பலகைக்கு எழுதுகிற அதே கையெழுத்து. இருபத்திரண்டு வண்டி. ஒரு கார்மேல்கூட இடிக்கவில்லை. தள்ளியது நான், கணேசன்.

தாரிணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'இருபத்திரண்டு' அவளுக்குக் கொஞ்சம் நீளம். படித்து முடித்ததும், "ட்வென்டி டூ? நோ வே" என்றாள்.

அவள் நம்பவில்லை. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்துக்கடைச் சுவர் ஓரம் நிற்கச் சொன்னேன். இருபத்திரண்டு வண்டியைக் கோத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். வரிசையின் தலை எங்கே போகிறது என்று கடைசியில் நிற்கிற எனக்குத் தெரியாது. சக்கரச் சத்தத்தை வைத்துத்தான் திருப்புவேன். புதுக் கார் ஒன்றுக்கும் பழைய வேன் ஒன்றுக்கும் நடுவே வரிசை முழுதும் வளைந்து நுழைந்து நின்றது. அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். கடைசி வண்டி நின்றதும் எட்டு வயதுக் கையால் எவ்வளவு சத்தமாகத் தட்ட முடியுமோ அவ்வளவு தட்டினாள். அடுத்த சனிக்கிழமை, யாரும் கேட்காமலே, அந்தப் புது அம்மாவிடம் போய், "மை டாட் புஷஸ் ட்வென்டி டூ டிராலீஸ். ஒன்றுகூட இடிக்காது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தத் தைரியத்தில் மாமனாருக்கும் போன் போட்டேன். சுற்றி வளைத்து உண்மையைச் சொன்னேன்.

"அது தெரியும் மாப்ள" என்றார் அவர். "அந்தப் போட்டோ அன்னைக்கே இங்க வந்துருச்சு. நீங்க இல்லன்னு கீழ எழுதியிருந்தீங்க. சரி, மாப்ள எழுதியிருக்காரு, மரியாதைக்கு நம்பிருவோம்னு இருந்தேன்."

போன வருடம் அந்தப் படம் அமெரிக்கா போனது. மேபல் பிறந்த ஊரில் அவருடைய வாழ்நாள் படங்களையெல்லாம் ஒரு பெரிய கூடத்தில் மாட்டினார்கள். உடம்பு முடியாததால் அவர் போகவில்லை. அங்கிருந்து வந்த படத்தைத் தன் போனில் எங்களுக்குக் காட்டினார். பழத் தொழிற்சாலைப் பெண்கள் ஒரு பக்கம், பஸ் கழுவுகிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் மஞ்சள் சட்டையில் நான். கீழே இரண்டு வரி. மொழிபெயர்ப்பு இல்லை, சட்டம் அங்கேயும் நின்றது. இரண்டு பேர் தலையைச் சாய்த்து என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. பாலிடெக்னிக்கை ஒன்றரை வருடத்தில் விட்டவனின் கையெழுத்துக்கு முன்னால், தங்கள் நாட்டின் சரித்திரத்தைப் பார்க்க வந்தவர்கள் மெனக்கெட்டு நின்றார்கள். நம் ரோஸ்கில் தெருவுக்கு அந்தச் சரித்திரத்தில் ஒரு ஆணி அடித்துக் கொடுத்தவர் மேபல். இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் என்னைக் கிண்டல் பண்ணிக்கொள்ள எனக்கே மனசில்லை.

கடைசி இரண்டு மாதம் அவர் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழவில்லை. வசந்தி ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கே போவாள். செல்வராணி அக்கா கஞ்சி கொடுத்தனுப்புவார். ஒருநாள் மேபல் தன் கேமராவை என்னிடம் நீட்டினார்.

"என்னை யாரும் ஒழுங்கா எடுத்ததே இல்லை. நான்தான் கேமராவுக்குப் பின்னாடியே நின்னுட்டேனே. நீ எடு, மிஸ்டர் நாட் மீ. உனக்குத்தான் சட்டம் தெரியும்."

எடுத்தேன். தலைமுடி போய், கன்னம் ஒட்டி, ஆறடி அம்மா அந்த நாற்காலியில் பாதியாக இருந்தார். கேமரா என்னிடம் இருந்ததால் அவர் கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவர் கை சும்மா கிடந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதே மருந்துக்கடையில் அச்சுப்போட்டேன். கீழே வெள்ளை ஓரம் விடத் தங்கள் இயந்திரத்தால் முடியாது என்றார்கள். வசந்தி ஒரு வெள்ளைத்தாளை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி அடியில் ஒட்டினாள். மேபல் அதை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "நான் எடுத்த படம் வேணும்... உன்னோட படம்" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் முதல் வரியைப் பார்த்து, தமிழ் தெரியாத கையால், கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். 'நா'வின் கால் நடுங்கிற்று. 'லை'க்கு முன்னால் நிறுத்தி மூச்சு வாங்கினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். முடித்துவிட்டு என்னிடம் திருப்பிக் காட்டினார்.

இது நான் இல்லை.

"எப்படி இருக்கு?" என்று கண்ணைச் சிமிட்டினார். நல்ல கிண்டல்தான். என்னை நானே கிண்டல் பண்ணி வாழ்கிறவனுக்கு அவர் கொடுத்த மரியாதை. நானும் சத்தமாகச் சிரித்தேன். "கையெழுத்து என்னைவிட நல்லா இருக்கு" என்றேன். "டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்தப் படத்தைத்தான் இறுதி அஞ்சலியன்று ஹாலில் மேஜைமேல் வைத்திருந்தோம். நீங்கள் எல்லோரும் வரிசையில் வந்து படித்தீர்கள். சிரித்தவர்களும் உண்டு, முகத்தை மூடிக்கொண்டவர்களும் உண்டு. என்னைப் பேசச் சொன்னார்கள். முறுக்கைப் படம் எடுத்த கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு இறங்கினேன். படம் இப்போது எங்கள் வீட்டில், என் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்கு விரல் ஓரத்தில் அவர் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. மீதி வெள்ளையாகவே கிடக்கிறது. மேபலிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்: இன்னும் ஒரு வரிக்கு இடம் உண்டு என்கிற அந்த வெள்ளை.

அவர் அந்த வரியை வரைந்த அன்று, கெட்டில் கொதித்து அடங்கும்வரை அந்தச் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பள்ளி ஆண்டு விழாவில் என் மகள் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை என் வாய்வரை வந்திருந்தது. திரும்பிப் போய் அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். கப்பில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே நின்றேன், சொல்லவில்லை.

ஆனால் மேபல், அது நீங்கள்தான்.